அடிக்காசு

பள்ளிக்கூடத்து வரிசையில் என் டோக்கன்
இருநூற்றுப் பதினேழு.
ஐஸ் பெட்டியில் வந்தது நூற்றைம்பது ஊசிக்கு.
நர்ஸம்மா எண்ணினார். மறுபடி எண்ணினார்,
எண்ண எண்ணப் பெருகும் என்பதுபோல.

போர்வெல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலமில்லை.
இந்த வைகாசியில் எல்லாம் மலையடிவாரத்தில்
வரிசையாய்ப் படுத்திருக்கின்றன.
நிற்கிற வண்டிக்கும் தவணை உண்டு:
நாளைக்கு நாலாயிரத்து எண்ணூறு.
ஊருக்குப் போக முடியாத ஒடிசாப் பையன்கள்
ஒன்பது பேருக்குச் சோறு தனி.

முன்னால் நின்ற தறிக்கார ராசியண்ணன் திரும்பினார்:
"கேக்குமா கேக்காதான்னே தெரியாத மருந்துக்கு
கவுருமெண்டு எப்படிங்க முன்பணம் கட்டும்?
ஊர்க்காசு இல்லீங்களா?"

மோளிப்பள்ளிப் பாவாயி ஞாபகம் வந்தாள்.
முதல் குழி எழுநூறு அடி, புகை.
இரண்டாவது தொள்ளாயிரம், அதுவும் புகை.
இமையெல்லாம் வெள்ளைத் தூசியோடு
அடிக்காசை எண்ணிக் கொடுத்தாள்.
"தண்ணி வந்தாத்தான் காசுன்னா
உங்க வண்டி எங்க காட்டுக்கு வருமாக்கும்?"
மூன்றாவதில் ஆயிரத்து நாற்பதில் பீறிட்டது.
அவள் வாய்க்கால் கசிந்து
பக்கத்துக் காட்டுக் கிணறும் ஊறியது.
பக்கத்துக் காட்டுக்காரர்
பத்து ரூபாய்கூடத் தரவில்லை.
பாவாயி ஒருத்தியே போட முடிந்தது
மூன்று குழி. மூன்றுதான்.

டோக்கனின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
முப்பத்தைந்து நாள், அறுபத்து மூன்று வண்டி:
ஒரு கோடியே ஐந்து லட்சத்து எண்பத்து நாலாயிரம்.
இது எங்கள் ஒரு ரோடு.
தறிச்சத்தம் நின்ற தெருக்கள் இதில் இல்லை,
ராசியண்ணனின் தம்பி இதில் இல்லை.
இந்தக் காசுக்குப் போன வருசமே
எத்தனை புகைக்குழி தோண்டியிருக்கலாம்,
எத்தனை மருந்துக்கு,
தோற்கிறதும் சேர்த்து.

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்,
நூற்று நாற்பத்தொன்பது.
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே ஓடினார்.

பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்த நர்ஸம்மா
என் டோக்கனை வாங்கி, இருநூற்றுப் பதினேழை அடித்து
அறுபத்தேழு என்று எழுதிக் கொடுத்தார்.
"நாளைக்குங்களா?"
"வந்தா," என்றார்.