நாலு நிமிசம்

எஞ்சினைத் தட்டுமுன்
அடிப்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு
நாலு நிமிசம் நிற்பேன்.
வந்தவர்களுக்கு அது பிடிக்காது.
கொக்கிளாய்க் களப்பின் அந்தக் கரையில்
பூநாரைகளும் நிற்கின்றன,
அவற்றை ஒருவரும் கேட்பதில்லை.

பெற்றோல் ஆவி
புகை மாதிரி மேலே போகிற சாமான் இல்லை.
பாரமானது. இறங்கும்.
படகின் அடிவயிற்றில், ஊறின தண்ணிக்கு மேலே
குந்திக்கொண்டிருக்கும்,
ஒரு பொறி வருமட்டும்.
கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.
அதனால் ஓட்டம் இருக்கிற நாளில் நான்
பவுடர் பூசுவதில்லை, பூவும் வைப்பதில்லை.

இன்றைக்குப் பன்னிரண்டு பேர்.
கொழும்பு வங்கியொன்றின் குடும்பச் சுற்றுலா.
ஒருவர் காஸ் அடுப்பும் கொண்டுவந்திருந்தார்,
நடுக் களப்பில் இறால் பொரிக்க.
"சின்ன அடுப்புத்தானே, அக்கா."
சின்னதுதான்.
மேலே ரெக்சின் கூரை,
கீழே அறுபது லீற்றர்,
நடுவில் உங்கட மகள், என்றேன்.
அடுப்பு கரையில் நின்றுகொண்டது,
இறாலும்.

முதலாவது நிமிசம் சிவப்புச் சிலிண்டருக்கு.
முள் பச்சையில் நிற்கிறதா?
மாதம் ஒருக்கால் தலைகீழாய்ப் பிடித்து
குண்டியில் தட்டுவேன், உள்ளே மா இறுகாமல்.
வவுனியாவிலிருந்து பூட்ட வந்தவர்
எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் பூட்டினார்.
எரிகிற இடத்துக்குள் கை விட்டா
அணைக்கிறதை எடுக்கிறது?
அவர் பஸ் ஏறின பிறகு கழற்றி
ஓடுகிற வழியில் பூட்டினேன்.
ஆட்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று
எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.
ஒரே வருசத்தில் பதினொரு இடம் மாறின எங்களுக்கு
பை எப்போதும் வாசலோடுதான் இருந்தது.

பிறகு பற்றரி. முனையில் பச்சை பூத்திருந்தது,
சுரண்டினேன். வயர் அசையவில்லை.
மூன்றாவது நிமிசத்தில்
மணந்தது.

லேசாக.
போத்தலில் பெற்றோல் வாங்கிக்கொண்டு
யாரோ சைக்கிளில் கடந்து போனதுபோல.
துஷிகரன் இல்லை என்றான்.
அவனுக்குத் தடிமன்.
முழங்காலில் நின்று தடவினேன்:
ரியூப், கிளிப் கடிக்கிற இடத்தில்,
நகக்கீறல் அளவு வெடிப்பு.
விரல் குளிர்ந்தது.

எல்லாரும் இறங்குங்கோ.

இறங்கினார்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு.
காசைத் திருப்பிக் கொடுத்தேன்.
வங்கிக்காரர் அல்லவா, இரண்டு தரம் எண்ணினார்கள்.
"இந்த மணத்துக்குப் போயா?" என்றார் அடுப்புக்காரர்.
வாயில் சிகரெட், கையில் லைற்றர்,
கால் ஒன்று இன்னும் படகில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
என் முகத்தில் எதைக் கண்டாரோ,
லைற்றரைப் பொக்கற்றில் போட்டுவிட்டு
மற்றக் காலையும் எடுத்தார்.
மகள் மட்டும் பூநாரைக்குக் கை காட்டிக்கொண்டே போனாள்.

கொப்பியில் எழுதினேன்:
ரியூப் இரண்டடி. கிளிப் இரண்டு.
ஓட்டம் இல்லை.
எரியாமல் போனதை எழுத
அதில் கோடு இல்லை.

பின்னேரம் முல்லைத்தீவிலிருந்து
துஷிகரன் ரியூபோடு வந்தான்.
மாற்றினோம். சோப்புத் துணியால் துடைத்தோம்,
அந்தத் துணியையும் கரையில் எறிந்தோம்.
பரிசோதனை ஓட்டம், ஏற ஆளில்லை.
"இப்பவுமா, அக்கா?" என்றான்.
பலகையைக் கழற்றி வைத்துவிட்டு நின்றேன்.

சேறு. உப்பு.
யாரோ விட்டுப்போன இறால்.

தட்டினேன்.