தனி மேசை

நான்காம் இரவு, பினாங்கு, பாயான் லெப்பாஸ்.
செலவு மிச்சமாம்: இருவருக்கு ஓர் அறை.
இங்கே மணி ஒன்று.
ஊரில் பத்தரைதானே என்று
துவரம்பருப்பு விலையை
மனைவியிடம் உரக்க விசாரிக்கிறார் வெங்கடவரதன்.

காலையில் பாஸ்போர்ட்டைக் காணோமென்று
என் பையைக் கொட்டித் தேடியவர்.
இருந்தது அவர் சட்டைப்பையில்.
கொட்டியதை நான்தான் மடித்துவைத்தேன்.

செருப்பைக் கையில் பிடித்து நழுவினேன்.
தெருமுனையில் மாமாக் கடை.
"எத்தன பேருண்ணே?"
ஒருத்தன் என்றேன்.
தே தாரிக் வருமுன்பே வாய் இனித்தது.

தூணுக்கு அந்தப் பக்கம்
மேலாளர் மீனலோசனி,
கால்களை எதிர் நாற்காலியில் நீட்டி
ரொட்டியைப் பிய்த்து
குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்,
தனியாக.
நிமிர்ந்தார்.
சட்டென்று நான் மெனு அட்டைக்குள்,
அவர் செல்பேசிக்குள்.

ஏழு மணி வேனில் கேட்டார்:
"நல்லா தூங்குனீங்களா?"
"அடிச்சுப் போட்டாப்ல, மேடம்."