வலப்பக்கக் கண்ணாடி

ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் பார்த்தேன்,
வலப்பக்கக் கண்ணாடியில் ஒரு கரும்புள்ளி.
எச்சில் தொட்டுத் துடைத்தேன்.
பனியனைக் கழற்றித் துடைத்தேன்.
நாற்பதடி கன்டெய்னர் பின்னால் காத்திருக்க
புள்ளி மெல்ல நகர்ந்து
இடப்பக்கக் கண்ணாடிக்கு வந்தது.

கொசு என்றேன்.
மணலிக் கரி என்றேன்.
எண்ணூர் நெடுஞ்சாலையில்
இரண்டு ராத்திரி வரிசையில் நின்றவனுக்குத்
தூக்கம்தான் பூச்சியாய்ப் பறக்கிறது என்றேன்.
பார்த்த இடத்துக்கெல்லாம் பூச்சி கூடவே வந்தது.

சர்க்கரை எனக்குப் பதினோரு வருஷமாய் உண்டு.
மாத்திரை டேஷ்போர்டில் வெயிலில் வேகும்,
டோல் ரசீதுகளோடு, காய்ந்த கதம்பத்தோடு.
ஞாபகம் வந்தால் ஒன்று.
பயம் வந்தால் இரண்டு.
இரவு இரண்டு மணி டீயில் மூன்று கரண்டி.
லைசென்ஸ் புதுப்பித்தபோது
கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேனே,
பொடி எழுத்தைக்கூட.

யார்டு வாசலில் அன்றைக்கு ஒரு வேன்.
கண் பரிசோதனை, இலவசம்.
மோர் தருகிறார்கள் என்று போனேன்.
சொட்டு விட்ட பெண்ணின் பேட்ஜில் நஸீமா என்றிருந்தது.
"நாலஞ்சு மணி நேரம் வண்டி எடுக்கக்கூடாது."
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கத்தினேன்.
"சொன்னேன்ணே. நீங்க மோரைப் பாத்துட்டிருந்தீங்க."

கண்மணி விரிந்தது.
ஷட்டர் இறக்க மறந்த குடோனைப் போல
மொத்த வெயிலும் உள்ளே.

திரையில் என் கண்ணின் பின்சுவர்.
செம்மஞ்சளாய் ஒரு வட்டம்.
கொருக்குப்பேட்டைத் தண்டவாளம் மாதிரி
பிரிந்து பிரிந்து ஓடும் ரத்தக்குழாய்.
நடுவில் அங்கங்கே சிவப்புச் சொட்டு,
ஓரத்தில் மஞ்சளாய்க் கசிவு.
"குழாய் ஒழுகுது. கொஞ்சம் ரத்தம் உள்ள கொட்டியிருக்கு.
அதான் உங்க பூச்சி."
வலிக்கவே இல்லையே என்றேன்.
"வலிக்காது. அதான் யாரும் வர்றதில்ல."

வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி.
பிரேக், லைட்டு, டயர் கட்டை,
நம்பர் பிளேட்டின் பெயின்ட் வரை.
எனக்கு மட்டும் பதினோரு வருஷமாய்
ஒருத்தரும் பானெட்டைத் திறந்ததில்லை.
நானும்தான்.

சாவியை ஏகாம்பரத்திடம் கொடுத்தேன்.
அன்றைய பேட்டா அவனுக்கு.
வரிசை நகர்ந்தது, நான் இல்லாமல்.

ஸ்டான்லியில் தாடையை மேடையில் வைத்தார்கள்.
பச்சைப் பச்சையாய் வெட்டியது.
சேசிஸில் வெல்டர் புள்ளி வைப்பது போலத்தான்,
முந்நூறு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.
"போனதை இது கொண்டாராது,
இருக்கறதைப் பிடிச்சு வைக்கும்.
சுகரும் பிரஷரும் உங்க கையில,"
என்றார் டாக்டரம்மா.
அப்புறம் ஊசி. கண்ணிலேயே.
தேவகிருபை என் கையைப் பிடித்துக்கொண்டாள்;
நடுங்கியது அவள் கைதான்.
மரத்துப்போன கண்ணில் ஓர் அழுத்தம், அவ்வளவுதான்.
அடுத்த மாதமும். அதற்கடுத்த மாதமும்.

வீட்டில் சும்மா இருந்த ஆறு மாதத்தைப் பற்றி
எழுத ஒன்றுமில்லை.
வட்டி ஏறியது. சர்க்கரை இறங்கியது.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பிறகு
மறுபடி ஸ்டீயரிங்.
மாத்திரை இப்போது சோற்று டப்பாவின் மேல்தட்டில்;
அதைத் தொடாமல் சோற்றைத் தொட முடியாது.
டீக்கடை பாய் சர்க்கரையில்லாத கிளாஸை
அனுதாபத்தோடு நீட்டுகிறார்.
எஃப்.சி. தேதிக்குக் கீழே
கண் தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.
வலது ஓரத்தில் புள்ளி ஒன்று மிச்சம்.
அதைத் துடைப்பதில்லை.
அது எங்கே நிற்கும் என்று தெரிந்து வளைக்கிறேன்.

நேற்று வரிசையில் எனக்கு முன்னால்
ஏகாம்பரத்தின் வண்டி.
ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி,
பனியனைச் சுருட்டி,
எச்சில் தொட்டு,
வலப்பக்கக் கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு
இறங்கி நடந்தேன்.