துருவலை

மாலைச் செபத்தில்
"எங்களுக்குத் தீமை செய்தவர்களை" என்று
வாய் சொல்லிக்கொண்டிருந்தபோது
பின்கதவில் தட்டல்.

குசுமலதா. நேவிக்காரனின் மனைவி.
திருமலைக்கு மாற்றலாகி
எங்கள் பாலையூற்று ஒழுங்கைக்கு வந்து
ஒன்பது நாள்.
இடுப்பில் பிள்ளை, கையில் தேங்காய்ப் பாதி.
சொல் தெரியாமல்
காற்றைத் துருவிக் காட்டினாள்.

அண்ணனை நான் கடைசியாகக் கண்டது
அவள் கொடியில் காய்கிற
அதே நிறச் சட்டைகளுக்கு நடுவில்.

துருவலையைக் கொடுத்து
கதவைச் சாத்தியிருக்கலாம்.

"இரு" என்றேன்.
நானே குந்தித் துருவினேன்.
கை நடுங்கி
தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போயிற்று.
ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.
பிள்ளை தேங்காய்ப்பூவை அள்ளி
என் மடியில் போட்டது, தன் வாயிலும்.

அவர்கள் போனபின்
செபத்தை விட்ட இடம் தேடினேன்.
மெழுகுதிரி அணைந்திருந்தது.
முழங்காலில் ஒட்டியிருந்தது
கொஞ்சம் தேங்காய்ப்பூ.