முகத்துவாரத்தில் ஆழம் பார்ப்பவன்

கப்பித்தான் படத்தை விரித்து
வாசல் என்று விரல் வைக்கிறான்.
மணல் நினைத்தால்தான் அது வாசல்.
மாரியில் வாவி உடைத்துக்கொண்டு போகும்,
மறுகா கச்சானில் மூடிக்கொள்ளும்.
கப்பல் வெளியேதான் நிற்க வேணும்.
பீரங்கியைத் தோணியில் ஏற்றினால்
தோணி தாழும்;
இறங்கித் தள்ளினால் இடுப்பளவு சேறு.

புளியந்தீவில் இருப்பவனுக்கும் நித்திரையில்லை.
நாலு கொத்தளம், சுற்றிவரத் தண்ணீர்,
குடிக்க ஒரு உவர்க்கிணறு.
நல்ல தண்ணீர் கல்லடியிலிருந்து போகிறது,
குடத்துக்கு ஒரு காசு,
என் மச்சான் வெள்ளையப்போடியின் தோணியில்.
"நாளைக்கும் கொண்டுபோகவா?"
இரவு கேட்டான். நான் பாயைத் தட்டினேன்.

ஒன்றரைப் பாகம்.
ஒன்று என்றால் திரும்பிவிடுவான்.
இரண்டு என்றால் மணலில் ஏறுவான்.
உள்ளதைச் சொன்னால்
முதலில் உடைவது குடம்.

கோலை
இன்னொருக்கா இறக்குகிறேன்.