தும்மல்

விக்டோரியா பாலம் தாண்டும்வரை
அப்பா வாய் திறக்கவில்லை.
மொரிஸ் காரின் பின்சீட்டில்
நான், தம்பி யூஜின்,
நடுவில் சாக்குச் சுற்றிய துவக்கு.
வெடிக்காத துவக்கு.

"சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இப்பிடித்தான்"
புத்தளத்திலிருந்து நாலு தரம் சொல்லிவிட்டார்
முன்சீட்டு டொக்டர் செபரத்தினம்.

குழுமாடு அவ்வளவு கிட்ட நின்றது.
ஈர மூக்கு. முதுகில் ஒரு கொக்கு,
வீட்டுக்காரன் மாதிரி.
அப்பாவின் விரல் மடங்கத் தொடங்கியது.
மூச்சும் விடக்கூடாது என்றிருந்தார்.
எனக்கு ஏழு வயது.
தும்மினேன்.

கொட்டாஞ்சேனையில் அம்மா
பெரிய சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள்,
மிளகும் இடித்தாயிற்று.
எங்கள் முகங்களைப் பார்த்தாள்,
உள்ளே போய்க் கருவாடு பொரித்தாள்.
துவக்கு அலுமாரிக்கு மேலே ஏறியது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில்
தம்பி அந்த மாட்டைக் கொன்றான்.
மூன்று வெடி,
இந்த மேசை நீளத்துக்குக் கொம்பு,
டிக்கி மூட முடியாத அளவு இறைச்சி.
மெய்யா என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.
ஓம் என்றேன்.

நாற்பது வருஷம். அப்பாவும் போய்விட்டார்.
காட்டுப் புழுதி மூக்கில் ஏறியது என்றுதான்
இன்னமும் சொல்லி வருகிறேன்.

அன்று விடியும்வரை
அங்கே நல்ல மழை.