சொல்லிப் பார்த்தல்

ஓலோமோட்ஸில் நவம்பர்.
கீழே ட்ராம் திரும்பும்போதெல்லாம்
மேசைமேல் சீட்டுக்கட்டு ஒரு நூல் நகரும்.
'ச்சுவென்' என்ற சீன வினைக்கு
அறுபத்தெட்டில் ஹ்ருபேஷ் எழுதிவைத்த பொருள்
இரண்டே சொல்: இணங்க வை.
அதன்மேல் பென்சிலால் பெய்வென்
ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.
கேள்வி இல்லை. குறி மட்டும்.

நான் வாதாடினேன்.
அரை வரிக்குமேல் இடமில்லை,
அச்சகம் வெள்ளிக்கிழமை கேட்கிறது,
ஐம்பது வருடமாக ஒருவரும் குறை சொன்னதில்லை.
"தேடு என்பதற்குக் கண்டெடு என்று எழுதுவீர்களா?"
எழுதமாட்டேன்.
"இந்தச் சொல்லில் வாய் மட்டும்தான் இருக்கிறது.
எதிராளியின் காது இதற்கு வெளியே."

எங்கள் செக் மொழிக்கு இது தெரியாததல்ல.
நடுவிலுள்ள உயிரை நீட்டினால் முயற்சி,
குறுக்கினால் முடிவு.
ஹ்ருபேஷ் குறுக்கிவிட்டார், அவ்வளவுதான்.
அவர் சொன்னதையெல்லாம்
வீட்டில் கேட்டிருப்பார்கள்போல.
அடித்தேன். மேலே எழுதினேன்:
சொல்லிப் பார்; பலன் உறுதியில்லை.
பின்பாதி மருந்துச்சீட்டு மாதிரி இருந்தது,
அதையும் அடித்தேன்.

எடுத்துக்காட்டு வேண்டுமல்லவா,
சீட்டின் பின்புறம் அவளே எழுதியிருந்தாள்:
மூன்று நாள் சொல்லிப் பார்த்தும் போய்விட்டான்.
சீனத்தில் அங்கே எழுவாய் இல்லை.
சொல்லிப் பார்த்தது யாரென்று
வாக்கியம் காட்டிக்கொடுக்கவில்லை.
எங்கள் இறந்தகாலமோ சுங்கச்சாவடி;
பேசியது ஆணா பெண்ணா என்று கேட்காமல்
ஒருவரையும் உள்ளே விடாது.
வேலைதானே, கேட்டேன்.
"பெண்" என்றாள்.
விகுதி சேர்த்தேன். ஒரே ஓர் அகரம்.

அவள் தேநீர்க் குவளையின் மூடியைத் திறந்தாள்,
மூடினாள்,
குடிக்காமல் மறுபடி திறந்தாள்.
மூன்று நாள் என்ற கணக்கை
அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை என்று
எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னொன்றும் கேட்டிருக்க வேண்டும்.
போய்விட்டான் என்பதை
லான்ஜோவில் ரயில் ஏறியவனுக்கும் சொல்வார்கள்,
ரயிலே தேவைப்படாதவனுக்கும் சொல்வார்கள்.
செக்கிலும் அப்படியே என்பதால்
கேட்காமலே மொழிபெயர்க்க முடிந்தது.

அந்த வினை கடைசிப் பெட்டியில் இருக்கிறது.
இந்த வேகத்தில் போனால்
நாங்கள் அங்கே போய்ச்சேர
இன்னும் நாலு வருடம்.